“கரண்டும் கரியில இருந்துதானே வருது?” மின்ஸ்கூட்டர் விவாதத்தில் கணக்கோடு பேச ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது புது மின்ஸ்கூட்டர் படம் போட்டால், “வாழ்த்துகள்” வரிசையில் நாலாவதோ ஐந்தாவதோ செய்தியாக இது வந்து விழும்: “கரண்டும் கரியில இருந்துதானே வருது? இதுல என்ன பெரிய பசுமை?” அடுத்து ஒருவர் புதுக் கார்களில் பெரும்பாலானவை மின்கார்களாகிவிட்ட நார்வேயைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏறும் கார் படத்தைப் போடுவார். இரவு பதினோரு மணிக்குள் பேச்சு அரசியலுக்குப் போய், காலையில் ஒருவர் குழுவை விட்டு வெளியேறியிருப்பார்.

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 முதல் 75 சதவீதம் நிலக்கரியிலிருந்து வருகிறது. அதைக் கிண்டலடித்து ஒதுக்குபவர் விவாதத்தின் முதல் வரியிலேயே தோற்றுவிடுகிறார். ஐந்து எண்களும் ஒரு துண்டுத்தாளும் இருந்தால் இதற்குப் பதில் கிடைக்கும். ஸ்கூட்டருக்குக் கிடைக்கும் பதில் ஒன்று, காருக்குக் கிடைக்கும் பதில் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் பேசுவதுதான் இரு தரப்பிலும் நடக்கிறது.

படி 1: எந்தக் கேள்விக்குச் சண்டை என்று முடிவு செய்யுங்கள்

“இ.வி. (மின்வண்டி) சுத்தம்னு சொல்றது பொய்” என்ற ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது? பேட்டரி செய்வதையும் சேர்த்தால் ஆயுள் முழுவதற்கும் எவ்வளவு? தெருவில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று எப்படி? வாங்குபவரின் பைக்கு எது லாபம்?

நான்குக்கும் விடை ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தெருப்புகையில் மின்வண்டி சந்தேகமில்லாமல் ஜெயிக்கும், புகைக்குழாயே கிடையாது. ஆனால் அந்தப் புகையில் ஒரு பங்கு அனல் மின்நிலையத்துக்கு இடம் மாறுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலைப் பார்த்தவர்களிடம் “மாசே இல்லை” என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆகவே பதில் எழுதும் முன் ஒரு வரி கேளுங்கள்: “நீங்க கேக்கறது கரியமில வாயுக் கணக்கா, ஊர்ப்புகையா, காசா?” பாதி விவாதங்கள் இங்கேயே தணியும். எதிராளி புகையைப் பற்றியும் நீங்கள் பணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவரும். இனி வரும் கணக்கு முதல் இரண்டு கேள்விகளுக்கானது.

படி 2: அலகுகளை நேர்செய்யுங்கள்

மின்சார வாதங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்த அளவு. 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். “என் ஸ்கூட்டர் மோட்டார் 5 கிலோவாட், அப்ப ஒரு மணி நேரத்துக்கு 5 யூனிட்” என்று கணக்குப் போடுபவர்களைப் பார்க்கலாம். அந்த 5 கிலோவாட் மேம்பாலம் ஏறும் சில நொடிகளுக்கானது. சமதளத்தில் நிதானமாகப் போகும்போது தேவை அதில் சிறு பங்குதான்.

இரண்டாவது குழப்பம், நிறுவுதிறனும் உற்பத்தியும். 2025 ஜூனில் இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில் புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றின் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டது. உடனே “பாதி கரண்டு பசுமை ஆயிடுச்சு” என்ற படங்கள் சுற்றத் தொடங்கின. நிறுவுதிறன் என்பது பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறன். சூரிய மின் தகடு ராத்திரியில் தூங்கும். ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் பெயர்ப்பலகைத் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். நிலக்கரி நிலையம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஓடும். திறனில் பாதி, உற்பத்தியில் கால்வாசிக்கு மேல் கொஞ்சம்: இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இந்தத் தவறைப் பெரும்பாலும் மின்வண்டி ஆதரவாளர்கள்தான் செய்கிறார்கள். நம் பக்கத்துப் பிழையை நாமே முதலில் திருத்துவது நல்லது.

மூன்றாவது, கார்பனும் கார்பன் டை ஆக்சைடும், அதாவது கரியமில வாயுவும். “ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இல்லை, அதுல இருந்து எப்படி 2.3 கிலோ கரியமில வாயு வரும்? ஏமாத்தறீங்களா?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இதற்கான பதிலை விரல் நுனியில் வைத்திருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதில் 86 சதவீதம் கார்பன், அதாவது 636 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12. கரியமில வாயுவின் எடை 44. 636-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,330 கிராம். கூடுதல் எடை முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. விறகு எரிந்து சாம்பல் லேசாகப் போவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். புகையை யாரும் தராசில் வைப்பதில்லையே.

படி 3: ஐந்து எண்களைச் சேகரியுங்கள்

முதல் எண், பெட்ரோல் ஸ்கூட்டரின் மைலேஜ். விளம்பர எண் வேண்டாம். பங்க்கில் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, 150 கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி அதே அளவு நிரப்பிப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒரே முறை அளந்தால், குழாய் எப்போது நின்றது என்பதிலேயே கால் லிட்டர் தவறிவிடும். நகரப் போக்குவரத்தில் 110 சிசி ஸ்கூட்டருக்கு 45 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, மின்ஸ்கூட்டர் பிளக்கில் இழுக்கும் மின்சாரம். இங்கே எல்லோரும் சறுக்குகிறார்கள். 3 யூனிட் பேட்டரி, உண்மையான ஓட்டம் 100 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்கு 3 யூனிட் என்று எழுதிவிடுகிறார்கள். சார்ஜர் சூடாகிறதே, அது எங்கிருந்து வருகிறது? சார்ஜரிலும் பேட்டரியிலும் 10 முதல் 15 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். பிளக்கில் செருகும் 16 ஆம்பியர் பவர் மீட்டர் ஒன்று வாங்கினால் இதை நேரடியாகவே அளக்கலாம். நம் கணக்குக்கு 100 கி.மீ.க்கு 3.4 யூனிட். கம்பெனி அறிவிக்கும் ஓட்ட தூரம் ஆய்வகத்தில், வரையறுத்த வேகச் சுழற்சியில் அளந்தது. சாலையில் அது 20, 30 சதவீதம் குறையும். பெட்ரோல் வண்டிக்குச் சாலை மைலேஜும் மின்வண்டிக்கு ஆய்வக மைலேஜும் போடுவது போங்காட்டம்.

மூன்றாவது, கம்பியில் தொலையும் மின்சாரம். மின்நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் இந்தியாவில் சுமார் 17 சதவீதம் காணாமல் போகிறது. இதிலும் ஒரு பொறி உண்டு. மின்வாரியங்களின் இழப்புக் கணக்கில் வசூலாகாத பில் தொகையையும் சேர்த்துச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது. பில் கட்டாதவர் வீட்டில் எரிந்த பல்பு வெப்பமாகத் தொலைந்த மின்சாரம் ஆகாது. நிதி இழப்பையும் ஆற்றல் இழப்பையும் கலக்கும் அந்த எண்ணை இந்தக் கணக்கில் போடக் கூடாது.

நான்காவது, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதற்கென்றே ஒரு தரவுத்தொகுப்பு வெளியிடுகிறது. சூரிய ஒளி, காற்று, நீர், அணு எல்லாவற்றையும் சேர்த்த நாட்டுச் சராசரி அண்மை ஆண்டுகளில் 0.71 முதல் 0.73 கிலோ வரை இருக்கிறது. நாம் 0.72 எடுப்போம். நிலக்கரியை மட்டும் எரித்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது என்பதால் இன்னும் கூடுதல், 1.3 வரை போகும்.

இந்த இடத்தில் சிலர் அரசின் மின்திட்ட ஆவணத்திலிருந்து 2026-27க்கான முன்கணிப்பாக 0.548 என்ற எண்ணை எடுத்து வருவார்கள். ஆவணம் உண்மைதான், எண்ணும் அதில் இருக்கிறது. ஆனால் அளந்த எண் இன்னும் 0.7-க்குக் கீழே இறங்கவில்லை. திட்டத்தில் எழுதியதையும் மீட்டரில் அளந்ததையும் ஒரே மாதிரி நம்பாதீர்கள்.

ஐந்தாவது, பேட்டரி செய்யும்போது வெளியாவது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ கரியமில வாயு என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. எந்த நாட்டு மின்சாரத்தில், எந்த வேதிமுறையில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். எதிராளிக்குச் சாதகமாக 100 எடுங்கள். 3 யூனிட் பேட்டரிக்கு 300 கிலோ.

படி 4: தராசின் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி வையுங்கள்

மின்நிலையம் வரை போய்க் கணக்கெடுப்பவர் பெட்ரோலுக்கும் எண்ணெய்க் கிணறு வரை போக வேண்டும். கச்சா எண்ணெயை எடுத்து, கப்பலேற்றி, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை கொண்டுவருவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் போடலாம். நிலக்கரிக்கும் சுரங்கம், ரயில் என்று பத்தில் ஒரு பங்கு.

இப்போது 100 கி.மீ.க்குக் கணக்கு.

பெட்ரோல் ஸ்கூட்டர்: 100-ஐ 45-ஆல் வகுத்தால் 2.22 லிட்டர். 2.3-ஆல் பெருக்கினால் 5.1 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 6.1 கிலோ.

மின்ஸ்கூட்டர்: பிளக்கில் 3.4 யூனிட். கம்பி இழப்புக்காக 0.83-ஆல் வகுத்தால் மின்நிலையத்தில் 4.1 யூனிட். 0.72-ஆல் பெருக்கினால் 2.95 கிலோ. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 3.2 கிலோ.

வித்தியாசம் 2.9 கிலோ. பேட்டரிக்கான 300 கிலோவை இது தின்று தீர்க்க சுமார் 10,300 கி.மீ. ஆகும். நாளைக்கு 30 கி.மீ. ஓட்டுபவருக்குப் பதினோரு மாதத்துக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபக் கணக்கு. பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் வார்க்கும்போது வெளியாவதை நாம் சேர்க்கவே இல்லை. அதுவும் எதிராளிக்கு விட்டுக்கொடுத்ததுதான்.

ஏன் இப்படி வருகிறது? அந்த 2.2 லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலை யூனிட்டில் சொன்னால் சுமார் 20. அதே தூரத்துக்கு மின்ஸ்கூட்டரின் பேட்டரி கொடுப்பது 3. மீதி 17 யூனிட் சிலிண்டர் துடுப்புகளிலும் சைலன்சரிலும் வெப்பமாகப் போகிறது. சிக்னலில் நிற்கும்போது காலில் அடிக்கும் அனல் அதுதான். அனல் மின்நிலையமும் வீணடிக்கத்தான் செய்கிறது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. இருந்தும் நகர நெரிசலில் திக்கித் திணறும் சிறு எஞ்சினைவிட அது இரு மடங்கு திறன் கொண்டது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலைச் சொல்லி மடக்குபவர்களும் உண்டு, நியாயமாகவே. எத்தனால் எரியும்போது வரும் கரியமில வாயு பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்று விட்டுவிட்டால் 6.1 என்பது 4.9 ஆகும். அதோடு கரும்பு, மக்காச்சோளத்துக்குப் போட்ட உரம், டிராக்டர் டீசல், வடிப்பாலைக் கொதிகலன் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 5-ஐத் தாண்டிவிடும். எத்தனாலில் ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் குறையும் என்பதைத் தனியாகச் சேர்க்காதீர்கள். இன்று டேங்க் நிரப்பி அளந்த மைலேஜ் என்றால் அந்தக் குறைவு ஏற்கெனவே அதில் அடக்கம்.

படி 5: எதிராளியின் ஆகச் சிறந்த வாதத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்

சராசரி எண்ணைப் போட்டதே தப்பு என்று ஒருவர் சொல்லலாம். சூரிய மின்சாரமும் காற்றாலையும் எப்படியும் முழுக்கப் பயன்படுகின்றன. நீங்கள் இரவு எட்டு மணிக்குப் பிளக்கைச் செருகும்போது அந்தக் கூடுதல் தேவையை ஈடுகட்ட எங்கோ ஒரு நிலக்கரி நிலையம்தான் கொஞ்சம் அதிகமாக எரிக்கும். ஆகவே உங்கள் ஸ்கூட்டர் நூறு சதவீதம் நிலக்கரியில் ஓடுகிறது.

இது தெரிந்து பேசுபவரின் வாதம். மழுப்பாமல் கணக்கில் போடுங்கள். 4.1 யூனிட்டை 1 கிலோவால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 4.5 கிலோ. 6.1-ஐவிடக் குறைவுதான், பேட்டரிக் கடன் தீர மட்டும் 10,300-க்குப் பதில் 18,700 கி.மீ. ஆகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மட்டும் என்றால் 5.3 கிலோ. சுரங்கத்தின் வாசலிலேயே நிலையம் இருப்பதால் ரயில் செலவு சேர்க்கத் தேவையில்லை. இப்போதும் மின்ஸ்கூட்டர் முன்னால்தான், மூச்சு வாங்கியபடி.

ஆனால் இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான். லிட்டருக்கு 65 கி.மீ. தரும் 100 சிசி பைக்கை எதிரே நிறுத்துங்கள். 100 கி.மீ.க்கு 4.2 கிலோ. சராசரி மின்சாரத்தில் ஓடும் மின்ஸ்கூட்டரின் 3.2-ஐவிடக் கூடுதல்தான், ஆனால் பேட்டரிக் கடன் தீர 30,000 கி.மீ. ஓட வேண்டும். நூறு சதவீத நிலக்கரிக் கணக்கில் மின்ஸ்கூட்டருக்கு 4.5, பைக் ஜெயித்துவிடுகிறது. சண்டையில் ஜெயிக்க நினைப்பவர் இந்த வரியை மறைப்பார். மறைத்தால், குழுவில் பைக் வைத்திருக்கும் ஒருவர் நாளைக்கு அதைக் கண்டுபிடித்துப் போடுவார், உங்கள் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். நீங்களே போட்டுவிடுங்கள்.

எந்த எண் எவ்வளவு மாறினால் முடிவு தலைகீழாகும் என்று பார்ப்பதுதான் இந்தப் படியின் சாரம். பெட்ரோல் ஸ்கூட்டர் 85 கி.மீ. மைலேஜ் தந்தால் சமன். அப்படி ஒரு ஸ்கூட்டர் சாலையில் இல்லை. மின்சாரத்தின் கரியமில அளவு யூனிட்டுக்கு 1.35 கிலோவைத் தொட்டால் சமன். நாட்டுச் சராசரி அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. கம்பி இழப்பு 17-ஆ 20-ஆ என்று இரண்டு நாள் அடித்துக்கொள்வதில் பயனில்லை. முடிவை மாற்றும் வலு அதற்குக் கிடையாது.

படி 6: கார் என்றால் தாளைத் திருப்பிப் புதிதாகத் தொடங்குங்கள்

ஸ்கூட்டரில் ஜெயித்த மிதப்பில் காருக்கும் அதே பதிலைச் சொல்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். நகரத்தில் லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பெட்ரோல் கார், 100 கி.மீ.க்குப் பிளக்கில் 15 யூனிட் இழுக்கும் அதே அளவு மின்கார். முதலாவது 23 கிலோ, இரண்டாவது 14.3 கிலோ. 40 யூனிட் பேட்டரிக்கு 4,000 கிலோ கடன். தீர 46,000 கி.மீ. ஆகும். வருடத்துக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு ஒன்பது வருடம்! ஒன்றரை லட்சம் கி.மீ. ஓட்டினால் 34.5 டன்னுக்கு எதிராக 25.5 டன், அதாவது 26 சதவீதம் குறைவு. தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் 2021-ல் வெளியிட்ட ஆயுட்காலக் கணக்கு இந்தியாவுக்கு 19 முதல் 34 சதவீதம் குறைவு என்றது. துண்டுத்தாள் கணக்கு அந்த வரம்புக்குள் விழுகிறது. பெரிய ஆய்வோடு இப்படி ஒத்துப்பார்ப்பது நல்ல பழக்கம். பத்து மடங்கு விலகினால் எங்கோ சுழியம் ஒன்று கூடியிருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சிறு பேட்டரியும் உள்ள ஹைபிரிட் வந்தால் கதை மாறும். நகரத்தில் 23 கி.மீ. தரும் முழு ஹைபிரிட் 100 கி.மீ.க்கு 12 கிலோ. இன்றைய மின்சாரத்தில் 14.3-ஐவிடக் குறைவு. மின்காரின் பக்கம் பேசுபவருக்கு மிச்சமிருக்கும் வலுவான வாதம் காலம்: ஹைபிரிட் பன்னிரண்டு வருடம் கழித்தும் அதே பெட்ரோலைத்தான் எரிக்கும், மின்கட்டமைப்பு சுத்தமாகச் சுத்தமாக மின்காரின் எண் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு வேகத்தில் என்பது விவாதத்துக்குரியது. அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

பெரிய மின் எஸ்.யூ.வி.யையும் சின்ன ஹேட்ச்பேக்கையும் ஒப்பிட்டால் பெட்ரோல்தான் ஜெயிக்கும்: 20 யூனிட் இழுப்பது 19 கிலோ, லிட்டருக்கு 20 கி.மீ. தருவது 13.8 கிலோ. இதை எடுத்துக்கொண்டு “பாத்தியா” என்று யாராவது வந்தால், வண்டியின் எடையைப் பற்றித்தான் பேசுகிறோம், எரிபொருளைப் பற்றி இல்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 7: ஜெனரேட்டர் படம் வரும்போது

நெடுஞ்சாலை ஓரத்தில் டீசல் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏறும் மின்கார். இந்தப் படம் வராத விவாதம் இல்லை. முதலில் படத்தை அழுத்திச் சேமித்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். “பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது” என்ற இரட்டை அம்புக்குறி இருந்தால் அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. அவரிடம் ஆதாரம் கேட்டுப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

சுவையான விஷயம் என்னவென்றால், படம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அது நிரூபிப்பதாக நினைப்பதை நிரூபிப்பதில்லை. ஓரளவு முழுச் சுமையில் ஓடும் ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் தரும். ஸ்கூட்டருக்கு வேண்டிய 3.4 யூனிட்டுக்கு 1.13 லிட்டர். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ, ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மொத்தம் 3.7 கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டரின் 6.1-ஐவிட இதுவும் குறைவு! கம்பி இழப்பு இங்கே இல்லை, எஞ்சினும் ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறது. ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றுவது நல்லது என்று இதற்குப் பொருள் கிடையாது. அதன் புகையும் சத்தமும் வேறு கணக்கு. பெரிய ஜெனரேட்டரில் ஒரே ஒரு ஸ்கூட்டரைச் செருகினால் லிட்டருக்கு ஒரு யூனிட்கூடத் தேறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தீப்பிடிக்கும் வீடியோக்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 2022-ல் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்-156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. வீடியோவில் இருப்பது அதற்கு முந்தைய வண்டியா பிந்தையதா என்று கேட்டால் போதும். “லட்சம் வண்டிக்கு எத்தனை” என்ற விகிதம் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது.

பணக் கணக்கில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதம் 900 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத ஈ.பி. கணக்கில் 61 யூனிட் ஏறும். ஏற்கெனவே 460 எடுக்கும் வீடு 521-க்குப் போகும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். “கிலோமீட்டருக்கு இருபது பைசா” என்று விளம்பரத்தை நம்பிச் சொன்னவர் அந்த மாதப் பில்லைப் பார்த்து விழிப்பார். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை.

படி 8: பதிலை எழுதுவது

மேலே உள்ளதை எல்லாம் குழுவில் கொட்டினால் யாரும் “மேலும் படிக்க” என்பதைத் தொடமாட்டார்கள். குரல் பதிவும் வேண்டாம். எண்ணைக் காதால் கேட்டு யாரும் சரிபார்ப்பதில்லை. எதிராளி சொன்னதில் சரியானதை முதல் வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து எண், அது நிற்கும் அனுமானம், எந்த இடத்தில் உங்கள் வாதம் பலவீனம் என்பது. கடைசியில் ஒரு திறந்த கேள்வி. இப்படி:

“மாமா, நீங்க சொல்றது சரிதான், முக்கால்வாசி கரண்டு கரியிலதான் வருது. அதையும் சேத்தே போட்ட கணக்கு இது. 100 கி.மீ.க்கு பெட்ரோல் ஸ்கூட்டர் (மைலேஜ் 45) 6.1 கிலோ, மின்ஸ்கூட்டர் 3.2 கிலோ. பேட்டரி செய்யற 300 கிலோ, பத்தாயிரம் கி.மீ.ல ஈடாகிடும். ஆனா உங்க பைக் 65 குடுக்குதுன்னா 4.2தான், அதுகூட ஒப்பிட்டா வித்தியாசம் கம்மி. இதுல எந்த எண்ணு தப்புன்னு தோணுதோ சொல்லுங்க மாமா, மாத்திப் போட்டுப் பாப்போம்.”

“எந்த எண் தப்பு” என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் மாமா உங்களை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். அவர் “என் பைக் 70 குடுக்கும்” என்று வந்தால் அதுவே வெற்றி. பேச்சு இனி மைலேஜ் பற்றியது. “சின்னப் பையன் நீ” என்று வந்தால், கும்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எடுத்த எண்ணை ஒட்டுபவர் வரலாம். திட்டாமல் மூன்றே இடத்தைச் சோதியுங்கள்: மின்சார எண் எந்த நாட்டுச் சராசரி, 3.4 யூனிட் பிளக்கில் அளந்ததா பேட்டரியில் அளந்ததா, மைல் எங்காவது கிலோமீட்டராக மாறாமல் நிற்கிறதா. தவறு இருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் சிக்கும்.

உங்கள் கணக்கிலேயே பிழை கிடைத்தால், வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். யாரும் பதில் போடாதவரை அது சரி. பதில் வந்த பிறகு திருத்தினால், பதில் சொன்னவர் உளறியதுபோல் தெரியும். அப்போது பழைய செய்தியைத் தொடாமல் அதையே மேற்கோள் காட்டி, “கம்பி இழப்புக்கு 1.17-ஆல பெருக்கிட்டேன், 0.83-ஆல வகுக்கணும். 2.86 இல்ல, 2.95” என்று கீழே எழுதுங்கள்.